80-க்கு 67: ஒரு வாக்கெடுப்பும் துப்பாக்கி இல்லாத ஒரு கையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. எகிப்தில் எடுத்தது. மூன்று டன் லாரி ஒன்றின் மட்கார்டில் கை வைத்தபடி நிற்கிறார். தலையில் இரும்புத் தொப்பி, அரைக்கால் காக்கி, முழங்கால்வரை தூசி. பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்கார சார்ஜென்ட்டின் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. தாத்தாவின் இன்னொரு கை சும்மா தொங்குகிறது, விரல்கள் கொஞ்சம் மடங்கி. சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டேன், "சண்டைக்குப் போனாரே, துப்பாக்கி எங்கே?" ஆயா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஆளுங்க கையில அதைக் குடுக்க மாட்டாங்கடா. வண்டி ஓட்டத்தான் கூப்பிட்டாங்க."

ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அது 1939 செப்டம்பர் 4-ஆம் தேதி, திங்கட்கிழமை, கேப்டவுனில், தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் போய் நிற்கிறது. இந்த நிகழ்வு ஆய்வு அந்த நாளைப் பற்றியது.

இதை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய விஷயங்களைப் படித்துப் பேசுவோம். 2023 நவம்பர் 21 அன்று, காசா போரை ஒட்டி இஸ்ரேல் தூதரகத்தை மூட வேண்டும் என்ற தீர்மானம் நம் நாடாளுமன்றத்தில் 248-க்கு 91 என்று நிறைவேறியது. ஆளுங்கட்சி ஆதரித்தது, பெரிய எதிர்க்கட்சி எதிர்த்தது. அந்த வாரம் எங்கள் கூடத்திலும் குரல்கள் உயர்ந்தன. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கையமர்த்தினார். "தம்பிங்களா, தூர தேசத்துப் போரை வச்சு இந்த நாட்டுல கட்சிங்க மோதிக்கிறது இது முதல் தடவை இல்லை. முப்பத்தொன்பதைப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். படித்தோம்.

ஒரு வண்டி, இரண்டு மாடு

1939-இல் ஆட்சியில் இருந்தது ஐக்கியக் கட்சி. பிரதமர் ஜேம்ஸ் பாரி ஹெர்ட்சோக், துணைப் பிரதமர் யான் ஸ்மட்ஸ். இரண்டு பேருமே போயர் தளபதிகள், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர்களின் தளபதிகள். 1899 முதல் 1902 வரை பிரிட்டனை எதிர்த்துக் குதிரைமேல் இருந்து சண்டை போட்டவர்கள். அதற்குப் பிறகுதான் வழி பிரிந்தது. தோற்றவனோடு பிரிட்டன் கண்ணியமாக நடந்துகொண்டது, இனி அதோடு சேர்ந்தே போகலாம் என்று ஸ்மட்ஸ் முடிவெடுத்தார். ஹெர்ட்சோக்குக்கு அந்தக் காயம் ஆறவில்லை. 1914-இல் தேசியக் கட்சியைத் தொடங்கினார், 1924-இல் ஸ்மட்ஸைத் தோற்கடித்துப் பிரதமரானார். பொருளாதார மந்தம் இருவரையும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழ் தள்ளியது. 1934-இல் இரு கட்சிகளும் இணைந்து ஐக்கியக் கட்சி உருவானது. இந்த இணைப்பு பிடிக்காமல் டி.எஃப். மலான் சிலரோடு வெளியேறித் 'தூய்மையாக்கப்பட்ட' தேசியக் கட்சியை நடத்தினார்.

ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடும் ஒரு விஷயத்தைப் பேசாமல் இருக்கும்வரைதான் வண்டி ஓடியது. பிரிட்டன் போருக்குப் போனால் நாம் என்ன செய்வது என்பதுதான் அந்த விஷயம். 1938 செப்டம்பரில் மியூனிக் நெருக்கடி வந்தபோது, போர் வந்தாலும் தென்னாப்பிரிக்கா நடுநிலை காக்கும், சைமன்ஸ்டவுன் கடற்படைத் தளம் தொடர்பாக பிரிட்டனோடு உள்ள ஒப்பந்தத்தை மட்டும் மதிக்கும் என்று ஹெர்ட்சோக் அமைச்சரவையின் சம்மதத்தை வாங்கினார். ஸ்மட்ஸும் சம்மதித்தார். அந்த ஆண்டு போர் வரவில்லை. அடுத்த மார்ச்சில் ஹிட்லர் பிராகுக்குள் நுழைந்தபோது ஸ்மட்ஸ் மனம் மாறிவிட்டார். ஹெர்ட்சோக்குக்கு 1938-இன் சம்மதம் அப்படியே நின்றது. ஒருவர் மாறிவிட்டார், இன்னொருவருக்கு அது தெரியவில்லை. அரசியலில் பெரிய உடைப்புகள் பல இப்படித்தான் ஆகின்றன.

போயர் மக்களின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். போயர் போரின்போது பிரிட்டிஷ் முகாம்களில் சுமார் 26,000 பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். 1914-இல் ஜெர்மனியின் தென்மேற்கு ஆப்பிரிக்கா மீது படையெடுக்கச் சொன்னபோது ஆயிரக்கணக்கான போயர்கள் கலகத்தில் இறங்கினார்கள். அவர்களில் யோப்பி ஃபூரி என்ற அதிகாரியை ஸ்மட்ஸ் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அரசுதான் சுட்டுக் கொன்றது. 1938-இல், பிரிட்டிஷ் ஆட்சியை விட்டுப் போயர்கள் உள்நாட்டுக்குப் போன மாட்டுவண்டிப் பயணத்தின் நூற்றாண்டு விழா நடந்து, நாடு முழுக்க அந்த நினைவெல்லாம் பச்சையாக இருந்தது. "நமக்கு என்ன போலந்து?" என்று அவர்கள் கேட்டதில் ஹிட்லர் மேல் பாசம் வைத்தவர்களும் இருந்தார்கள், அம்மாவை முகாமில் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கதை புரியாது.

மூன்று நாள்

அந்த வாரம் நாடாளுமன்றம் கூடியிருக்க வேண்டியதே இல்லை. மேலவையின் பதவிக்காலம் முடிய இருந்ததால் அதை நீட்டிக்கச் சட்டம் போட வேண்டி அவசரமாகக் கூட்டியிருந்தார்கள். அது மட்டும் இல்லையென்றால் நடுநிலை என்று ஹெர்ட்சோக் தன்போக்கில் அறிவித்திருப்பார். நாட்டின் தலையெழுத்து ஒரு நடைமுறைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 1 வெள்ளிக்கிழமை ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. சனியும் ஞாயிறும் பிரதமர் இல்லமான குரூட் ஸ்கூரில் அமைச்சரவை கூடிப் பேசியது. ஹெர்ட்சோக்கோடு சேர்த்து ஆறு பேர் நடுநிலைக்கு, ஸ்மட்ஸோடு சேர்த்து ஏழு பேர் போருக்கு. 13 பேர் கொண்ட அமைச்சரவை ஒரே ஒரு ஆளால் இரண்டாகப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிட்டன் போரை அறிவித்தது.

திங்கட்கிழமை ஹெர்ட்சோக் அவையில் எழுந்தார். இது நம் சண்டை இல்லை, ராஜா பிரிட்டனில் போரில் இருக்கலாம், தென்னாப்பிரிக்காவில் இல்லாமலும் இருக்கலாம், அதுதான் நாம் சம்பாதித்த சுதந்திரம் என்ற வாதம்வரை அவர் கை ஓங்கியே இருந்தது. அதன்பிறகு ஹிட்லருக்காகப் பேச ஆரம்பித்தார். வெர்சாய் உடன்படிக்கையால் அவமானப்பட்ட ஜெர்மனியின் வலி, தோற்ற இனத்தைச் சேர்ந்த தனக்குத் தெரியும் என்ற ரீதியில் போனது பேச்சு. தயக்கத்தில் இருந்த சிலர் அந்த இடத்தில்தான் அவரை விட்டு விலகினார்கள் என்பது பொதுவான கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. தன் காயத்தை வைத்து அடுத்தவனின் கொடுமையை அளந்தார். அளவுகோல் தப்பு.

ஸ்மட்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஜெர்மனியோடு உறவை முறிப்பது, நாட்டைக் காப்பது, ஆனால் முந்தைய போரைப் போல் கடல் கடந்து படை அனுப்பாமல் இருப்பது. இன்று போலந்து, நாளை தென்மேற்கு ஆப்பிரிக்கா என்பது அவர் வாதம். இரவு வாக்கெடுப்பு நடந்தது. ஸ்மட்ஸுக்கு 80, ஹெர்ட்சோக்குக்கு 67. தொழிற்கட்சியும் டொமினியன் கட்சியும், கேப் ஆப்பிரிக்கர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று வெள்ளை உறுப்பினர்களும் ஸ்மட்ஸ் பக்கம் நின்றார்கள். மலான் கட்சி ஹெர்ட்சோக் பக்கம்.

ஹெர்ட்சோக் உடனே கவர்னர் ஜெனரல் பேட்ரிக் டங்கனிடம் போய், அவையைக் கலைத்துத் தேர்தல் வையுங்கள் என்று கேட்டார். டங்கன் மறுத்தார். அவை தன் முடிவைச் சொல்லிவிட்டது, மாற்று அரசு அமைக்க ஆள் இருக்கிறார், இந்தச் சூட்டில் தேர்தல் வைத்தால் ரத்தம் சிந்தும் என்பது அவர் நினைப்பு. டங்கன் முன்பு ஸ்மட்ஸின் அமைச்சரவையில் இருந்தவர் என்பதை தேசியவாதிகள் கடைசிவரை மறக்கவில்லை. ஹெர்ட்சோக் பதவி விலகினார். ஸ்மட்ஸ் பிரதமரானார். செப்டம்பர் 6 அன்று தென்னாப்பிரிக்கா போரில் இருந்தது.

பதின்மூன்று வாக்கின் விலை

வித்தியாசம் 13 வாக்கு. அடுத்த ஆறு வருடமும் ஸ்மட்ஸ் இந்தப் பதின்மூன்றைக் கையில் பிடித்துக்கொண்டேதான் போரை நடத்தினார். இதைக் கவனிக்காமல் அந்தப் போரைப் பற்றி நம் வீடுகளில் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள்.

கட்டாய ராணுவ சேவை கொண்டுவர முடியவில்லை. கொண்டுவந்தால் 1914 திரும்ப வரும். ஆகவே தொண்டர் படை. கடல் கடந்து அனுப்ப மாட்டோம் என்று வாக்கு கொடுத்தாயிற்று. ஆகவே 'ஆப்பிரிக்கா எங்கும்' என்று சத்தியம் வாங்கி, அப்படிச் சத்தியம் செய்தவர்கள் தோளில் ஆரஞ்சு நிறப் பட்டையைத் தைத்தார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்ப 1943-இல் தனியாக நாடாளுமன்றத்தின் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. வீதியில் போரை எதிர்த்த போயர் தேசியவாதிகளின் ஓசேவாபிரான்ட்வாக் இயக்கம், அதன் தாக்குதல் படை, தந்திக் கம்பம் தகர்ப்பு. 1941 ஜனவரி கடைசியில் ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் ராணுவ வீரர்களும் அந்த இயக்கத்தாரும் இரண்டு நாள் அடித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பிரதமரான ஜான் ஃபோர்ஸ்டர் அந்த இயக்கத்தில் இருந்ததற்காகக் கொஃபீஃபொன்டெய்ன் முகாமில் அடைக்கப்பட்டவர்.

இப்படி ஒவ்வொரு மூலையிலும் கை கட்டப்பட்ட அரசுக்கு ஆள் வேண்டும், ஆனால் வெள்ளை வாக்காளரைக் கோபப்படுத்தக் கூடாது. அங்கேதான் தாத்தா வருகிறார். மொத்தம் சேர்ந்த சுமார் 3,34,000 பேரில் 77,000 பேர் ஆப்பிரிக்கர், 46,000 பேர் கலர்டு என்று அழைக்கப்பட்ட கலப்பின மக்களும் இந்தியர்களும். லாரி ஓட்ட, காயம்பட்டவரைத் தூக்க, சமைக்க, குழி தோண்ட. கறுப்பன் கையில் துப்பாக்கி என்று மலான் கட்சி ஒரு கூட்டம் போட்டால் ஸ்மட்ஸின் சொந்தக் கட்சியே கலங்கும். 1942 மார்ச்சில் ஜப்பான் இந்தியப் பெருங்கடலை நோக்கி வந்தபோது, ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடிப்பதற்கு முன் ஆயுதம் ஏந்தக்கூடிய ஒவ்வொரு வெள்ளையரல்லாதவர் கையிலும் ஆயுதம் கொடுப்பேன் என்று ஸ்மட்ஸ் அவையில் சொன்னார். அமளி ஆனது. சொன்னதோடு நின்றது. அதே ஆண்டு ஜூன் 21-இல் லிபியாவின் தோப்ருக் கோட்டை ஜெர்மானியரிடம் விழுந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கர்கள் ஒரே நாளில் கைதானார்கள். துப்பாக்கி தரப்படாத நம்மவர்களும் அவர்களில் இருந்தார்கள். தாத்தாவின் லாரி அப்போது வேறு இடத்தில் இருந்தது, பிழைத்தார்.

தாத்தாவின் வெறுங்கை ராணுவ விதியால் ஆனது இல்லை. இரண்டு வெள்ளைக் கட்சிகள் தங்களுக்குள் சண்டை முற்றாமல் பார்த்துக்கொண்டதற்கு நம்மிடம் வசூலித்த விலை அது. போர் அவசியமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஹிட்லரை எதிர்க்காமல் விட்டிருந்தால் எங்களைப் போன்றவர்கள் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஸ்மட்ஸ் அந்த இரவில் சரியான பக்கம் நின்றார். ஆனால் எதை விட்டுக்கொடுத்து அந்தப் பக்கம் நின்றார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

கேட்டால் 1943 பதில் சொல்லும். ஏப்ரலில் பெக்கிங் சட்டம் வந்தது. டர்பனில் வெள்ளையரும் இந்தியரும் ஒருவருக்கொருவர் மனை, வீடு கைமாற்றுவதை அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று மூன்று வருடத்துக்கு அப்படியே உறைய வைத்த சட்டம். ஜூலையில் பொதுத்தேர்தல். டர்பன் வெள்ளையர் நெடுநாளாகக் கேட்டதை, தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் ஸ்மட்ஸ் அரசு கொடுத்தது. போரில் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டியவர்கள் இந்தியன் எங்கே வீடு வாங்கலாம் என்பதில் அடித்துக்கொள்ளவில்லை. மலான் கட்சியின் குறையெல்லாம் சட்டம் போதவில்லை என்பதுதான். தேர்தலில் ஐக்கியக் கட்சி 89 இடம், மலான் கட்சி 43 இடம். தாத்தா அப்போதும் வடக்கே சீருடையில்தான் இருந்தார். டர்பன் இருக்கும் நேட்டாலில் இந்தியர் வாக்குரிமையை இழந்து அப்போதே 47 வருடம் ஆகியிருந்தது.

நம் வீட்டுச் சண்டை

நம்மவர்களும் இந்தப் போரில் ஒரே குரலில் பேசவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

மிதவாதத் தலைவர்கள், பி.ஆர். பத்தர் போன்றவர்கள், போருக்கு ஆதரவு தந்தார்கள். விசுவாசம் காட்டினால் உரிமை வரும் என்ற பழைய கணக்கு. காந்தி 1899-இல் போயர் போரின்போது சுமார் 1,100 பேரோடு ஆம்புலன்ஸ் படை திரட்டியதும் அதே கணக்கில்தான். ஸ்பியன் கோப் போர்க்களத்தில் காயம்பட்ட பிரிட்டிஷ்காரர்களைத் தூக்கியவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் எத்தனையோ பேர். போர் முடிந்து நான்கே வருடத்தில் டிரான்ஸ்வாலில் விரல்ரேகைச் சட்டம் வந்தது. கணக்கு ஏற்கெனவே ஒரு தடவை பொய்த்திருந்தது.

அதை நினைவில் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். டிரான்ஸ்வாலில் டாக்டர் யூசுப் தாதூ, டர்பனில் 1937 ஃபால்கிர்க் இரும்பு ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய ஜார்ஜ் பொன்னன், எச்.ஏ. நாயுடு போன்ற தொழிற்சங்கக்காரர்கள். சுதந்திரத்துக்கான போர் என்கிறீர்களே, அந்தச் சுதந்திரம் எங்களுக்கு உண்டா, பணக்காரன் இன்னும் பணக்காரனாகவும் ஏழை சாகவும் நடக்கிற போர் எங்களுக்கு எதற்கு என்று துண்டறிக்கை போட்டார்கள். தாதூ 1941-இல் இதற்காகச் சிறைக்குப் போனார்.

எங்கள் குடும்பத்திலும் இந்தக் கோடு விழுந்தது. தாத்தாவும் அவர் தம்பியும் மேகசின் பாரக்ஸில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். டர்பன் நகராட்சி தன் இந்தியக் கூலிகளுக்குக் கட்டிவைத்த வரிசை வீடுகள் அவை, தமிழும் தெலுங்கும் சுவர் தாண்டிக் கேட்கும். தாத்தா படையில் பெயர் கொடுத்தார். சம்பளம் ஒரு காரணம், ஹிட்லரும் ஒரு காரணம், அதை ஆயா இரண்டாவதாகத்தான் சொல்வார். சின்னத்தாத்தா ஆலையில் சங்கத்து ஆள். தாத்தா கிளம்பிய அன்று, "அண்ணே, உனக்கு இங்க ஓட்டு இல்ல, அங்க துப்பாக்கி இல்ல, எதுக்குப் போற?" என்று கேட்டாராம். தாத்தா பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைப் பூட்டினாராம். அதன்பின் இரண்டு வருடம் கடிதம் இல்லை.

1941 ஜூன் 22-இல் ஹிட்லர் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தான். பொன்னனும் தாதூவும் சேர்ந்திருந்த இடதுசாரிகள் நிலையை மாற்றினார்கள். நேற்றுவரை முதலாளிகளின் போர், இன்று மக்கள் போர். எங்கள் படிப்பு வட்டத்தில் சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி இங்கே விடவில்லை. "ஐயா, வார்சாவில் குண்டு விழுந்தப்ப முதலாளி போர், மாஸ்கோவில் விழுந்தா மக்கள் போரா?" என்று கேட்டாள். பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அது அவங்க தப்புதாம்மா. ஆனா ஒண்ணு கவனி, ஆதரிக்க வந்தப்பவும் துப்பாக்கி குடு, உரிமை குடுன்னு கேட்டுக்கிட்டேதான் வந்தாங்க" என்றார். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. ஆனாலும், என்ன தருவாய் என்று கேட்டவர்கள் அவர்கள்தான்.

போர் டர்பனுக்கும் வந்தது, சோற்றின் வழியாக. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. உடைத்த மக்காச்சோளத்தை மீலி ரைஸ் என்று வடித்துச் சாப்பிட்டார்கள். ஆயா அதைப் பற்றிப் பேசும்போது இப்போதும் முகம் சுளிப்பார்: "ரசம் ஊத்தினா தனியா மிதக்கும்." ராத்திரியில் கடற்கரைப் பக்கம் விளக்கு கிடையாது. துறைமுகத்தில் படைக்கப்பல் வந்தால் வெள்ளை உடையில் பெர்லா கிப்சன் என்ற பாடகி கரையில் நின்று பாடுவார் என்று ஊரே பேசிக்கொள்ளும்.

பிறகு

ஹெர்ட்சோக் மலானோடு சேர்ந்து புதுக் கட்சி கண்டார். ஆங்கிலம் பேசுவோருக்குச் சம உரிமை என்ற அவர் கொள்கையை அந்தக் கட்சியே ஒதுக்கியதும் 1940 கடைசியில் வெளியேறினார், 1942 நவம்பரில் இறந்தார். ஸ்மட்ஸ் ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமைக்காக எழுதியவர் என்று உலகம் கொண்டாடியது. 1946-இல் பெக்கிங் சட்டம் காலாவதியானதும் அதே ஸ்மட்ஸ் இன்னும் கடுமையான ஆசிய நிலவுடைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த டிசம்பரில் ஐ.நா.விலேயே இந்தியா அவரை நிறுத்தி, 32-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வருடத்தில், 1948 மே மாதத்தில், 1939-இல் தோற்றவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஸ்மட்ஸ் தன் சொந்தத் தொகுதியான ஸ்டாண்டர்டனிலேயே தோற்றார். மலானின் கட்சி 70 இடம், ஐக்கியக் கட்சி 65.

டங்கன் அன்று தேர்தல் வைத்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா என்று எங்கள் வட்டத்தில் இரண்டு வாரம் பேசினோம். என் நினைப்பு: தடுக்கப்பட்டிருக்காது. போரைப் பற்றிய தகராறு தீர்க்கப்படவே இல்லை, ஒத்திப்போடப்பட்டது. எங்களைப் போன்றவர்களின் உரிமையை அவ்வப்போது வட்டியாகக் கட்டி ஒத்திப்போட்டார்கள். 1948-இல் அசல் கேட்டு வந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் 1946 ஜூன் 13 இருக்கிறது. மிதவாதிகள் ஸ்மட்ஸோடு செய்துகொண்ட பிரிட்டோரியா உடன்படிக்கை பொய்த்தபின், முந்தைய ஆண்டே நேட்டால் இந்திய காங்கிரஸின் தலைமை டாக்டர் மான்டி நாயக்கர் கைக்கு வந்திருந்தது. புது நிலவுடைமைச் சட்டத்தை எதிர்த்து, டர்பனில் அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில், நகராட்சியின் காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சுமார் 2,000 பேர் சிறை போனார்கள். முதல் நாட்களில் ராத்திரியானால் வெள்ளை இளைஞர் கும்பல் வந்து கூடாரங்களைக் கவிழ்க்கும், அடிக்கும். போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்.

சின்னத்தாத்தா அந்தக் கூடாரத்தில் இருந்தார். தாத்தா படையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜூன் மாதக் குளிர். ஆயா சோறு கட்டிக் கொடுக்க, தாத்தா பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே போனார். கூடாரத்துக்குள் போகவில்லை, வேலி ஓரத்தில் நின்றார். தம்பி வந்து பாத்திரத்தை வாங்கினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். தாத்தா கோட்டைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். "பனி விழுது, போட்டுக்கோ" என்றதோடு சரி.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ கும்பல் வந்து கூடாரத்தை இழுத்துப் போட்டதில் அந்தக் கோட்டு காணாமல் போனது. தாத்தா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பார் ஆயா.